பன்னிரண்டாவது பாகம்

செண்பகம் பதினோரு பாகங்களுக்குத்தான் அளவு கொடுத்திருந்தாள். படத்தில் பன்னிரண்டு இருந்தது.

அடையாறில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கம்ப்யூட்டர் அறையில், ஏசியின் ஈரவாடையும் மையின் நெடியும் கலந்த குளிரில், துளையிட்ட அட்டைகளில் ஏற்றிய அவளுடைய எண்களின்படி படம் வரையும் இயந்திரத்தின் பேனா தானாகவே தாள்மேல் கீச்சுக் கீச்சென்று ஊர்ந்து, தகடு வெட்டும் பிரஸ் ஒன்றின் பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தி வரைந்திருந்தது. மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே, காலியாக இருக்கவேண்டிய இடத்தில், வளைவு வளைவாக ஏதோ ஒன்று. பக்கத்தில் 12 என்ற எண்.

“கார்டுல இல்லாதது படத்துல எப்டிம்மா வரும்?” என்றார் ஆபரேட்டர் உமர் ஃபாரூக்.

இருவரும் அட்டைகளைச் சரிபார்த்தார்கள். பதினோரு பாகம்தான். ஃபாரூக் மறுபடி ஓட்டினார்.

இந்த முறை தெளிவாக வந்தது. ஐந்து விரல்கள். சுண்டுவிரலின் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். காலையில் அசோக் நகர் வீட்டு வாசலில் அவளிடமிருந்து டிபன் பாக்ஸை வாங்கிய கை. அவள் கணவன் இசக்கிமுத்து கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் மிஷின்களைப் பொருத்தும் ஃபிட்டர். இதே பிரஸ் அங்கே தயாராகி, இன்று மூன்று மணிக்கு முதன்முதலாக ஓடுகிறது.

மணி மூன்று பத்து.

போன் செய்தாள். வாட்ச்மேன் எடுத்தார். அவருக்குப் பின்னால் தொப், தொப் என்று பிரஸ் இறங்கும் சத்தம்.

“அண்ணே, நான் இசக்கிமுத்து சம்சாரம். மிஷினை நிறுத்தச் சொல்லுங்க!”

“இன்னாம்மா? ட்ரையல் ஓடிக்கினு கீது. ஒண்ணும் கேக்கல.”

“நிறுத்தச் சொல்லுங்கண்ணே!”

“இன்னா?”

பேனா மறுபடி ஊர்ந்தது. யாரும் அட்டை போடவில்லை. ஃபாரூக் சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பேனா நிற்கவில்லை. மேலச்சை முன்பைவிடக் கீழே வரைந்தது. அப்புறம் இன்னும் கீழே. செண்பகம் ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் பேனாவைப் பிடித்தாள். அவள் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

ரிசீவரில் பிரஸ் சத்தம் நின்றது.

யாரோ கத்தினார்கள். நிறையப் பேர் ஓடினார்கள்.

பேனா ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக, சற்றுத் தள்ளித் தள்ளி வரைந்தது. எண் போட்டது. 13. 14. 15. 16. 17.

பிறகு மணிக்கட்டைத் தாண்டி, அவசரமே இல்லாமல், முழங்கையை வரையத் தொடங்கியது.