பொருந்தாத ரேகை

மருதாம்பாளுக்கு எஸ்டேட் தரவேண்டிய பாக்கி ஒரு நாள் கூலி, நானூற்று முப்பத்தெட்டு ரூபாய். அவள் செத்து நாற்பது நாளாகியும் வருகைப்பதிவுக் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வரி சிவப்பாகவே நின்றது. அவள் செத்த மறுநாளிலிருந்துதான் கம்ப்யூட்டர் தானாக அணையத் தொடங்கியது.

அணைவதற்கு முன்னால் புகை வராது, கருகல் வாடை இருக்காது. பெட்டிக்குள் சுற்றும் காற்றாடி, யாரோ விரல் வைத்துப் பிடித்தாற்போல இழுத்துக்கொண்டு நிற்கும், திரை கறுக்கும், தகரக் கூரையில் மழை விழும் சத்தம் திடீரென்று ஒருபடி கூடிக் கேட்கும், இலை மூட்டையெல்லாம் லாரி ஏறிப் போய்விட்ட பிறகும், அப்போதுதான் பறித்த பச்சை இலையின் ஈர வாடை அம்சவேணியின் முதுகுப் பக்கமிருந்து மெல்ல வரும்.

இருபத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்து முட்டி தேய்ந்தவள் அம்சவேணி. ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டப் படித்ததால் தேவாலா பக்கத்து இந்த எஸ்டேட்டின் இலைக் கொட்டகையில் அவளுக்கு வருகைப்பதிவு நாற்காலி கிடைத்தது. சாயங்காலம் பெண்கள் வரிசையாக வந்து ரேகைக் கண்ணாடியில் கட்டைவிரல் வைப்பார்கள். பொருந்தினால் பச்சை விளக்கு, கூலி உண்டு. பொருந்தாவிட்டால் சிவப்பு. காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பதும் அவளுடைய ரேகைதான்.

சூப்பர்வைசர் பிராங்ளின் முடிவாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு சனிக்கிழமை. அதுக்குள்ள சரியாகலைன்னா மெஷினை ஃபேக்டரிக்கு எடுத்துக்கறோம். நீங்க பழையபடி மலைக்குப் போகவேண்டியதுதான்."

அந்த முட்டியோடு அவளால் ஒரு நாள்கூடச் சரிவில் நிற்க முடியாது.

மத்தியானம் கூடலூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் ஃபாரூக் வந்தார். பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினார், பிளக்கில் கரன்ட்டை அளந்து பார்த்தார், பழைய பவர் சப்ளையைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினார்.

"ஃபேக்டரில இலை காயவைக்கற டிரையர் போட்டா இங்க வோல்டேஜ் இறங்குதுக்கா. அதுல பழசு செத்திருக்கும். அணையற நேரத்தை எழுதி வைக்கச் சொன்னேனே?"

அவள் நோட்டை நீட்டினாள்.

"எழுத்து ஒவ்வொண்ணும் பலாப்பழ சைசுல இருக்கே."

"சிரிச்சுக்கங்க தம்பி. ஒவ்வொண்ணும் எனக்கு ஒரு மூட்டை தூக்கற மாதிரிங்க."

எல்லா வரியிலும் ஒரே நேரம்தான் இருந்தது, ஐந்து இருபது. ஃபாரூக் கம்ப்யூட்டருக்குள் எதையோ தேடினார். தேடியவர் சிரிப்பை நிறுத்தினார்.

"தினமும் அணையறதுக்கு முன்னாடி யாரோ ரேகை வெச்சுப் பார்த்திருக்காங்க. பொருந்தவே இல்ல. சரியா பதினோரு தடவை. யாருக்கா அது?"

"அந்நேரம் இங்க யாருங்க இருக்கா?"

"அப்ப கண்ணாடிக்குள்ள ஈரம் எறங்கியிருக்கு. அதுதான் கரன்ட்டை இழுத்துப் போட்டு அமுக்குது." ரேகைக் கண்ணாடியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மேசையில் வைத்தார். "காலைல வேற கொண்டாரேன். இன்னைக்கு நோட்டுல பேரை எழுதிக்கங்க. புது பவர் சப்ளையும் அணைஞ்சா, எங்கிட்ட வேற மருந்து இல்ல."

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பதினோரு தடவை என்ற சொல் போகவில்லை.

மருதாம்பாள் கடைசியாக வரிசையில் நின்ற அன்றைக்கும் பதினோரு தடவைதான். நாற்பது வருஷத்து இலை அவள் விரலில் மிச்சமிருந்த கடைசி ரேகையையும் அன்றோடு தேய்த்துவிட்டிருந்தது. "நோட்டுல எழுதிக்கோ அம்சா" என்றாள். எழுதலாம், விதியில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் பின்னால் நாற்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். அவ்வளவு நீளப் பேரை எழுத்து எழுத்தாக எழுதினால் சிரிப்பார்கள். "நாளைக்குப் பார்த்துக்கலாங்க்கா" என்று அம்சவேணி சொன்னாள். மருதாம்பாள் விரலைச் சேலையில் துடைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அன்று ராத்திரி ஓடை அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. நடந்ததை அம்சவேணி யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நாற்பது பேரின் பெயரையும் எழுதினாள். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து இருபதுக்குக் கொட்டகையில் அவள் மட்டும் இருந்தாள். கதவில்லாத வாசல் வழியாக மூடுபனி உள்ளே வந்து பெஞ்சுகளின் கால்களை மூடியது. புதிய பவர் சப்ளையின் காற்றாடி சீராக இரைந்தது. அணையாது, நாற்காலி தப்பித்தது என்று நினைத்தாள்.

பச்சை இலை வாடை வந்தது.

மேசையில், வயர் சுருட்டிக் கிடந்த ரேகைக் கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது.

ஈரத் துணியில் விரல் துடைக்கும் சத்தம்.

மறுபடி சிவப்பு.

எண்ணக்கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள். ஐந்து. ஆறு. துடைப்பு. ஏழு. முதுகுக்குப் பின்னால் ஈரச் சேலை சொட்டியது. திரும்பவில்லை.

ஒன்பது.

நோட்டை இழுத்தாள். "எழுதிர்றேங்க்கா. இப்பவே எழுதிர்றேன்."

ம எழுதினாள். ரு எழுதினாள். அடுத்த எழுத்து வரவில்லை.

பத்து.

பதினொன்று.

மணிக்கட்டில் விரல்கள் பட்டன. ஓடைத் தண்ணீரின் சில்லிப்பு. பட்டை பட்டையாக வெடித்த விரல்கள். இறுக்கிப் பிடிக்கவில்லை. எழுதப் பழகாதவளின் கையைப் பிடிப்பதுபோல மெதுவாகப் பிடித்து, பேனாவை விடுவித்து, அவள் கட்டைவிரலைக் கண்ணாடிமேல் கொண்டுபோய் வைத்தன.

அழுத்தின.

பச்சை.

கம்ப்யூட்டர் அணையவில்லை. திரையில் சிவப்பு வரி கறுப்பாக மாறியது. மருதாம்பாள், ரேகை பொருந்தியது. கூலி ரூபாய் நானூற்று முப்பத்தெட்டு. பாக்கி இல்லை.

பிடி விட்டது. சொட்டும் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அம்சவேணி கையை எடுத்தாள். கண்ணாடியில் அவளுடைய ரேகை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது, சுழி சுழியாக, இலைக் கறையில். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவேண்டிய கட்டைவிரலை விளக்கடியில் திருப்பினாள். உரித்த முட்டைபோல வழுவழுவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

இன்னொரு கையைத் திருப்பினாள்.

அதிலும் இல்லை.