மஞ்சளா, மிளகா?

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. சந்திரமதி திரையரங்கின் வாசலில் வழக்கம்போலப் பட்டுப்புடவைக் கூட்டம். பாப்கார்ன் கவுண்டரை ஒட்டியே தாம்பூலத் தட்டு விற்றார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சிட்டிகை திருநீறு, கொஞ்சம் மிளகு. தட்டு வாங்கினால் பார்க்கிங் இலவசம்.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா பாருடி," என்றாள் சுகுணா சித்தி, வினோதினியின் புடவை மடிப்பைச் சரிசெய்தபடி.

"பார்க்கறதுல என்ன ஒழுங்கு சித்தி? நாற்காலி என்ன காட்டுதோ அதுதான்."

"போன ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னே. ரெண்டு தடவையும் மஞ்சள். ரெண்டு மாப்பிள்ளையும் ஓடிட்டாங்க."

"ஒருத்தர்தான் ஓடினார். இன்னொருத்தர் நடந்துதான் போனார்."

சித்தி முறைத்தாள். அதற்குள் ஓட்டுநர் இல்லாத தானோட்டி வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் நந்தகோபால், இன்றைய மாப்பிள்ளை. நாற்பது வயது, பல் டாக்டர். முதல் திருமணம் சண்டையில்லாமல் ஆரம்பித்து, சண்டையில்லாமலே முடிந்திருந்தது. பின்னாலேயே அவன் அக்கா அம்சவேணி. கூர்மையான மூக்கு, அதைவிடக் கூர்மையான பார்வை.

படம் 'கடைசி ஆவணி'. நாவலாக வந்து ஊரையே உலுக்கி, பிறகு சினிமாவான கதை. ரகுவும் மாலினியும் காதலித்து மணக்கிறார்கள். ரகு நோயில் விழுகிறான். அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பது உங்கள் நாற்காலியைப் பொறுத்தது.

மிகைத் துயரத் தடைச் சட்டம் வந்ததிலிருந்து அப்படித்தான். தாங்க முடியாத சோகத்தை எந்தக் கதையும் யாருக்கும் தரக் கூடாது. நாற்காலியின் கைப்பிடியில் மனவளவி என்று ஓர் உலோகத் தகடு. அதில் உள்ளங்கையை வைத்தால் நாடி, வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் படித்துவிடும். அவரவர் தாங்குதிறனுக்கு ஏற்ற முடிவு, அவரவர் மாட்டியிருக்கும் திரைக்கண்ணாடியில் ஓடும். நெஞ்சுரம் உள்ளவர்களுக்கு ரகு செத்துப்போவான். நடுத்தரமானவர்களுக்கு வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பாமல் இருப்பான். ரொம்பவும் நொறுங்கியவர்களுக்குப் பிழைத்துக்கொள்வான். நாவலும் அப்படியே. படிப்பவர் கைபட்டதும் மின்பக்கங்கள் மாறிக்கொண்டன.

இதிலிருந்துதான் முடிவுப் பொருத்தம் பிறந்தது. ஜாதகம் பொய் சொல்லும், நாற்காலி சொல்லாது என்றார்கள். பெண்ணும் பிள்ளையும் ஒன்றாகப் படம் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் ஆளுக்கொரு வெற்றிலைக்குள் தங்கள் முடிவை மடித்து வைக்க வேண்டும். பிழைத்தால் மஞ்சள், பிரிந்தால் திருநீறு, செத்தால் மிளகு. இரண்டும் ஒன்றானால் அங்கேயே நிச்சயதார்த்தம். ஒன்றுக்கொன்று மாறினால் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

"அழுகை வந்தா துடைக்கத் துணி கொண்டு வந்திருக்கேன்," என்றான் நந்தகோபால், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "தொழில் பழக்கம். என்கிட்ட வர்றவங்க எல்லாருமே அழுவாங்க."

"இங்கே யாருங்க அழ விடறாங்க? கண்ணு கலங்கினாலே கதையை மாத்திடுவாங்களே," என்றாள் வினோதினி.

"அப்ப என் கிளினிக்குக்கு வாங்க. அங்கே கதையெல்லாம் மாறாது. பிடுங்கறதுன்னா பிடுங்கறதுதான்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் பயம் வந்தது. இவன் போய்விடக் கூடாது என்று மனசு சொன்னதை அவளே கேட்டாள். முந்தைய இரண்டு பேர் விஷயத்தில் மனசு வாயே திறக்கவில்லை.

விளக்கு அணைந்தது. தகட்டில் கையை வைத்தாள்.

சித்திக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்தப் படத்துக்கு வினோதினி தனியாகவே பலமுறை வந்திருக்கிறாள். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வருவாள். கடைசிக் காட்சிக்காக வருவாள். மருத்துவமனைக் கட்டிலில் ரகு மெல்லக் கண்ணைத் திறந்து, "எலுமிச்சை ஜூஸ் கிடைக்குமா?" என்று கேட்பான். அந்த ஒரு வரிக்காக.

அவள் கணவன் ஜெயந்தன் கண்ணைத் திறக்கவில்லை. அது நடந்து நாலு வருஷம்.

இன்றும் ரகு கண்ணைத் திறந்தான். ஜூஸ் கேட்டான். அவளுக்கு இன்று அது இனிக்கவில்லை. மஞ்சள் என்று வெற்றிலையை நீட்டினால் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போய்விடுவான். கண்ணாடியைக் கழற்றும்போதே முடிவு செய்துவிட்டாள். பொய் சொல்வது. பல் பிடுங்குகிறவனுக்கு மிளகுதான் வந்திருக்கும்.

கேன்டீனில் நால்வரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு வெற்றிலைகள் மேஜைக்கு அடியில் மடிக்கப்பட்டு மேலே வந்தன. அம்சவேணி பிரித்தாள்.

மிளகு.

மிளகு.

சித்தி 'மாரியாத்தா!' என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "பாக்கு எடுங்க சம்பந்தி!"

"இருங்க," என்றாள் அம்சவேணி. "இப்பெல்லாம் மிளகை யார் வேணா மடிக்கிறாங்க. நாற்காலி என்ன காட்டுச்சுன்னு வெளியே சொல்லாது, அது சட்டம். நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எனக்கும் போன வருஷம் மிளகுதான் வந்துச்சு." வினோதினி பக்கம் திரும்பினாள். "ரகு செத்தப்பறம் மாலினி என்னம்மா பண்ணினா?"

வினோதினி இதை யோசிக்கவில்லை. ரகு செத்துப்போகும் படத்தை அவள் பார்த்ததே இல்லை.

"சொல்லும்மா."

"செருப்பைத் தேடினா," என்றாள்.

"எதை?"

"ரகுவோட செருப்பை." எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வார்த்தைகள் வந்தன. "ஐ.சி.யூ. வாசல்லயே கழட்டி வைக்கச் சொன்னாங்க. அவர் நடந்துதான் உள்ளே போனார். வெளியே ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. இவ, கொஞ்சம் நில்லுங்க, செருப்பு எடுத்துக்கறேன்னா. அங்கே ஒரு குவியலே கிடந்தது. ஒண்ணொண்ணாப் புரட்டினா. வெளியே சரியான வெயில். அவருக்கு... ரகுவுக்குக் கால் சுடும்னு..."

சித்தியின் கை பாக்குக்கு மேலேயே நின்றுவிட்டது.

அம்சவேணி புருவத்தைச் சுருக்கினாள். "எனக்கு அப்படி வரலையே. மாலினி மொட்டை மாடியில மழையில நனைவா. பின்னாடி வயலின் வாசிப்பாங்க. செருப்பே கிடையாது." குரல் தணிந்தது, ஆனால் விடவில்லை. "சரி, தேடினாளே. கிடைச்சுதா?"

வினோதினி பிரிந்து கிடந்த வெற்றிலையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"கிடைச்சுதுக்கா," என்றான் நந்தகோபால்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"எனக்கும் அதேதான் வந்துச்சு. பிரவுன் கலர் தோல் செருப்பு. குவியலுக்கு அடியில இருந்துச்சு. எடுத்து மார்போட அணைச்சுக்கிட்டா. அதோட படம் முடிஞ்சுது."

"எனக்கு மட்டும் மழை?"

"ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மாதிரிக்கா. உன் நாற்காலிக்கு வயலின் பிடிச்சிருக்கு."

அம்சவேணி தம்பியை நீளமாக ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வினோதினியை. பிறகு எழுந்தாள். "வாங்க சம்பந்தி, ஸ்வீட் வாங்குவோம். இதுங்க ரெண்டும் பேசிக்கட்டும்."

அவர்கள் போனதும் நந்தகோபால் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டான். "உங்களுக்கு மஞ்சள்தானே வந்தது?"

அவள் தலையாட்டினாள். "உங்களுக்கு?"

"மிளகு நிஜம். ஆனா மழையும் வயலினும்தான். அக்காவுக்கு வந்த அதே படம்." வெற்றிலையின் காம்பைக் கிள்ளினான். "நீங்க சொன்னது எந்த நாற்காலியிலயும் ஓடாதுங்க. அது தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நீங்க அந்த வாசல்லயே நின்னுட்டீங்க. தனியா விட்டுட்டு வர மனசு வரலை."

வினோதினி மேஜையில் சிதறிய மிளகை ஒதுக்கினாள். ஏதோ சின்னப் பிழையைத் திருத்துகிற மாதிரி சொன்னாள்.

"பிரவுன் இல்லைங்க."

"ம்?"

"தோல் செருப்பு இல்லை. நீல ரப்பர். வீட்டுல போடறது. சும்மா செக்கப்தானேன்னு அதையே மாட்டிக்கிட்டு வந்தார். கிடைக்கவும் இல்லை. நான் தேடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு நர்ஸ் வந்து கையில துயர்தணிப்பான் ஒட்டிட்டாங்க. சட்டமாம். ஒட்டின உடனே எல்லாம் சரியாயிடுச்சு. எதுக்கு இதைப் போய்த் தேடறோம்னு தோணுச்சு. விட்டுட்டேன். குவியல்ல பாதிதான் பார்த்திருந்தேன். மீதியைப் பார்க்கலை. அவரை வெறுங்காலோடயே..."

அதற்குமேல் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது. கண் கலங்கி நிற்கிற, திரையரங்கில் அனுமதிக்கிற அழுகை இல்லை. தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, வாய் கோணி, நாலு வருஷமாக எந்த இயந்திரமும் வெளியே விடாத அழுகை. பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. இளம் ஜோடி ஒன்று அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை போல வாயைப் பிளந்து பார்த்தது.

சீருடை போட்ட அரங்க மேற்பார்வையாளர் ஓடிவந்தார். நெற்றியில் வியர்வை. "மேடம், மன்னிக்கணும், மன்னிக்கணும்! எந்த நாற்காலிங்க? மனவளவி கோளாறா இருக்கும். இவ்வளவு வந்திருக்கவே கூடாது." பையிலிருந்து அவசரமாகத் துயர்தணிப்பான் ஒட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். "கையைக் கொடுங்க, ஒரு நொடியில சரியாயிடும்."

ஒட்டோடு நீண்ட அந்தக் கையை நந்தகோபால் பிடித்து நிறுத்தினான். வலிக்காமல், ஆனால் பல் பிடுங்குகிறவனின் பிடி.

"நாற்காலியில ஒண்ணும் இல்லைங்க. இவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்."

"அடடா. எப்போ சார்?"

நந்தகோபால் அவளைப் பார்த்தான்.

"இப்பதான்," என்றான்.

மேற்பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் பார்த்தார். அடுத்த காட்சிக்குப் பட்டுப்புடவைகள் வந்து சேர ஆரம்பித்திருந்தன. "ஜனங்க பயப்படுவாங்க சார். இது எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியாதுங்க," என்றான் நந்தகோபால். நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.