பனியில் ஒரு கோடு

பனியில் அந்தத் தடம் நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிருந்தது.

"நாய் இப்பிடி நடக்காது," என்றார் அப்பா. "நாய் அங்கயும் இங்கயும் ஓடி மணந்து பாக்கும். இது போற இடம் தெரிஞ்சு போகுது. ஓநாய்தான்."

சஜிதா குனிந்து, கையுறையைக் கழற்றி, தடத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். தடம் அவள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தது. விளிம்பு இன்னும் கலையவில்லை. விடியற்காலையில், எல்லோரும் போர்வைக்குள் கிடந்த நேரத்தில், அது இதே இடத்தில் காலை வைத்துப் போயிருக்கிறது. அவளுக்குச் சத்தமாக மூச்சுவிடவே தயக்கமாக இருந்தது.

சஜிதாவுக்குப் பத்து வயது. தம்பி அபிஷனுக்கு ஆறு. ஜெர்மனியில், ஹனோவருக்கு வடக்கே புதரும் பைன் மரமுமாக விரிந்துகிடக்கும் அந்தக் காட்டுக்கு அப்பா சனிக்கிழமைகளில் அவர்களைக் கூட்டி வருவார். அம்மா இறந்த பிறகு வந்த பழக்கம் அது. அங்கே ஓநாய்களைக் கண்காணிப்பவர் பென்ஜமின். அப்பா இந்தக் குளிர்காலத்தில்தான் அவருக்கு உதவத் தொடங்கியிருந்தார். இன்று பென்ஜமினுக்குக் காய்ச்சல்.

அந்தக் காட்டில் தாய், தகப்பன், நாலு குட்டிகள் என்று ஓர் ஓநாய்க் குடும்பம் இருந்தது. இலையுதிர் காலத்தில் கார் மோதித் தாய் ஓநாய் இறந்துபோனது. அதன் பிறகு குட்டிகளை யாரும் பார்க்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த கமெராவிலும் அவை விழவில்லை.

அப்பா மடக்கு அளவுகோலைத் தடத்தின் அருகில் வைத்துப் படம் எடுத்தார்.

"எத்தனை அப்பா?"

"ஒண்டுதான்."

"அப்ப குட்டியள்?"

"ஒரு தடம்தானே இருக்கு, பிள்ளை. தகப்பன் மட்டும்தான் மிச்சம் போல." அப்பா அளவுகோலை மடித்தார். "குட்டியள் இல்லையெண்டால் கமெராவைக் கழட்டிக்கொண்டு வரச் சொன்னவர் பென்ஜமின். வேற காட்டில கட்டப்போறாராம்."

கமெராவும் போய்விட்டால் குட்டிகளை இனி யாரும் தேடமாட்டார்கள். சஜிதா கையுறையை மெல்ல மாட்டிக்கொண்டாள்.

கமெரா கட்டிய மரம் மேட்டுக்கு அப்பால் நின்றது. அப்பா தனியாக முன்னே போனார். பிள்ளைகள் இன்னொரு பக்கத்தால் நடந்தார்கள்.

"அக்கா, எனக்கு ஏலாது. சப்பாத்துக்குள்ள பனி போயிட்டுது."

"என்ர அடிக்குள்ள காலை வை. அப்ப போகாது."

"நீ ஒட்டகம் மாதிரி நடக்கிறாய். எனக்கு எட்டாது."

சஜிதா சின்னச் சின்ன அடியாக வைத்தாள். அபிஷன் அவளுடைய அடிகளுக்குள்ளேயே காலை வைத்து வந்தான். வழியில் விழுந்துகிடந்த ஒரு சின்ன மரத்தைச் சுற்றும்போது மட்டும் கொஞ்சம் விலகி வந்தான்.

"இங்க சிங்கம் இருக்கோ?"

"இல்லை."

"இருந்தா உன்னைத்தான் முதல்ல பிடிக்கும். நீதானே முன்னால போறாய்."

மேட்டில் ஏறியதும் அபிஷனுக்கு மூச்சு வாங்கியது. சஜிதா நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவை நோக்கி ஓடினாள். அவர் கமெராவின் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கழட்டாதேங்கோ."

"ஏன்?"

"நாங்கள் வந்த அடியைப் பாருங்கோ. எத்தனை பேர் வந்த மாதிரி இருக்கு?"

அப்பா பார்த்தார். "ஒராள்..." பட்டியில் இருந்த அவருடைய கை அப்படியே நின்றது.

"ரெண்டு பேர் வந்தனாங்கள். அந்த விழுந்த மரத்தடியில மட்டும்தான் ரெண்டு தெரியுது. அதைச் சுத்தி வரேக்க அபி குறுக்கால வந்தவன். ஓநாயளும் எங்கயாவது இப்பிடிப் பிரிஞ்சு போயிருக்கும்தானே. அங்க போய்ப் பாப்பம்."

"நான் குறுக்கால வரேல்லை," என்றான் அபிஷன். "வழுக்கினது."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பைன் கிளைகளிலிருந்து பனி சொட்டியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓநாய்த் தடம் கரைந்துவிடும். மூவரும் ஓட்டமும் நடையுமாகத் தடத்தின் ஓரமாகவே போனார்கள். வெளி முழுக்க அது ஒரே கோடாகத்தான் இருந்தது. சஜிதா பார்வையை அதிலிருந்து எடுக்கவேயில்லை.

வெளி முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். அதன் குறுக்கே பெரிய பைன் மரம் ஒன்று விழுந்துகிடந்தது.

அங்கே கோடு பிரிந்தது.

ஒன்று மரத்துக்கு மேலால் பாய்ந்திருந்தது. ஒன்று இடப்பக்கம் சுற்றியிருந்தது. இரண்டு வலப்பக்கமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போயிருந்தன. கடைசி ஒன்று பள்ளத்துக்குள் சறுக்கி விழுந்து, நகத்தால் பிறாண்டி ஏறியிருந்தது.

"அது அபி," என்றாள் சஜிதா மெல்ல.

மரத்துக்கு அப்பால் ஐந்து தடங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிரிந்த கயிறு மறுபடி முறுகியதுபோல் ஒரே கோடாகி, இருண்ட மரங்களுக்குள் போயின. அந்த மரங்களுக்குள் எங்கேயோ, இப்போது, ஐந்து ஓநாய்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

அப்பா பனியில் முழங்காலிட்டார். படம் எடுக்கவும் மறந்துபோனார்.

"தனிய நிண்டு நாலையும் வளத்துப்போட்டான்," என்றார். "அவன் முன்னால பனியை உடைச்சுக்கொண்டு போறான். அதுகள் அவன்ர அடியில காலை வைச்சு வருதுகள்."

"படம், அப்பா," என்றாள் சஜிதா.

ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் அவள் அளவுகோலைப் பிடித்தாள். அப்பா படம் எடுத்தார். பிறகு பென்ஜமினை அழைத்தார். கரகரத்த குரல் ஜெர்மன் மொழியில் கேட்டது: "எத்தனை?"

"நீயே சொல்லு, பிள்ளை," என்றார் அப்பா. போனைச் சஜிதாவிடம் நீட்டினார்.

அவள் இன்னொருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"ஐந்து," என்று ஜெர்மனில் சொன்னாள்.

அந்தப் பக்கம் இருமலும் சிரிப்புமாக ஏதோ கேட்டது. கமெரா அங்கேயே இருக்கட்டும் என்றார் பென்ஜமின்.

அபிஷன் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். "எங்களையும் சேத்து எட்டெண்டு சொல்லு."

சஜிதா அதையும் சொன்னாள்.