பன்னிரண்டாவது படம்

ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். பதினொன்று எங்கள் அப்பாவுக்கு. பன்னிரண்டாவது எனக்கு.

எல்லாச் சுருளிலும் இந்த யோகம் கிடைக்காது. அவசரமாகக் கழுவ வேண்டிய சுருளில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தால்தான் அப்பா என்னைக் கூப்பிடுவார்.

"வேணி, ஜல்தியா ஓடு! எதையாவது எடுத்துக்கினு வா."

நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுவேன். அது மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பெரிய கேமரா. மாட்டிக்கொண்டு நடந்தால் வயிற்றில் இடிக்கும்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. அப்பா பெயர் விருத்தாசலம். நான் கிருஷ்ணவேணி, ஆறாம் வகுப்பு.

எதையாவது எடு என்று அப்பா சொன்னால் நான் நிஜமாகவே எதையாவதுதான் எடுப்பேன். மல்லாட்டை மூட்டைமேல், அதாவது வேர்க்கடலை மூட்டைமேல், வாய் திறந்து தூங்குகிறவர். பஸ் கூரைக்கு ஏறுகிற கோழிக்கூடை. மழையில் ஒரே குடைக்குள் நிற்கும் நாலு பேர். நெகட்டிவைப் பார்த்துவிட்டு அப்பா தலையில் கை வைத்துக்கொள்வார்.

"மல்லாட்டை மூட்டையை எவன் வந்து பிரிண்டு கேப்பான்?"

அதனால் என் படங்களுக்குக் காகிதம் கிடைத்ததே இல்லை. நெகட்டிவைத் தனியாக வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

அப்பாவுக்குப் பிடித்தது கூத்துக்காரர்களைப் படம் எடுப்பது. பெருமுக்கல், அனந்தபுரம், விழுப்புரம் என்று எங்கே கூத்து நடந்தாலும் பொழுது சாய்வதற்குள் சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்விடுவார். அவர்கள் வேஷம் கட்டி முடித்ததும் நிற்க வைத்து எடுப்பார். எங்கள் ஸ்டூடியோ சுவர் முழுக்க ராஜாக்களும் ராணிகளும்தான்.

நடுவில் இருந்த பெரிய படம் திரௌபதி. கிளியனூர் பக்கத்துச் சின்னக்கண்ணு என்பவர்தான் அந்தத் திரௌபதி. ஆண்தான், ஆனால் பெண் வேஷத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று அப்பா சொல்வார். நான் அவரைச் சுவரில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"வேஷம் இல்லாம ஒண்ணு எடுக்கட்டுமா?" என்று அப்பா பல தடவை கேட்டாராம். அவர் முகத்தை மூடிக்கொள்வாராம்.

"வேணாம்ண்ணே. அந்த மூஞ்சி வூட்டுக்கு மட்டும்தான்."

அந்த மாசிக் கடைசியில் சின்னக்கண்ணு மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மூன்று மணி வெயிலில், ஓர் அம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை.

"நான் சின்னக்கண்ணோட தங்கச்சி பூமாலைண்ணே. இது அவரு பொண்ணு அம்சவள்ளி. நாளைக்குக் காரியம். மாலை போடறதுக்குப் படம் வேணும்."

அப்பா உள்ளே போய் ஒரு கட்டுப் படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். திரௌபதி, சுபத்திரை, சந்திரமதி. பூமாலை அக்கா ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்தார். கடைசிப் படத்தையும் தள்ளியபோது அவர் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாம் பொம்பளை வேஷம். எங்க அண்ணன் மூஞ்சி இதுல எங்கண்ணே இருக்கு? 'ஒரு தடவையாவது அந்த முகத்தைக் காட்டுங்க'ன்னு அண்ணி அழுவுது. வூட்ல ஒரு படம்கூட இல்ல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷமாக ஊர் ஊராகப் படம் எடுத்தவரிடம் அந்த ஒரு முகம் இல்லை. அவரைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அம்சவள்ளி மேசையில் எட்டிப் பார்த்தாள்.

"இந்த அம்மாங்க யாரு அத்தே?"

நான் அவளுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டேன். "உங்கப்பா எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன்.

"முடி நெறைய இருக்கும். கொண்டை போட்டுக்குவாரு. நான் தோள் மேல உக்காந்து அதைப் புடிச்சிக்குவேன். இழுத்தா அவுந்துடும். அப்போ 'ஐயோ, குதிரைக்குக் கடிவாளம் அவுந்துச்சே'ன்னு கத்துவாரு."

அதை நான் பார்த்திருக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு சந்தை நாள். பன்னிரண்டாவது படத்துக்காகக் கிளியனூர் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடியிருந்தேன். அங்கே ஒருவர் தோளில் குழந்தையோடு நின்றிருந்தார். குழந்தை அவர் கொண்டையைப் பிடித்து இழுக்க, முடி அவிழ்ந்து விழுந்தது. இருவரும் சிரித்தார்கள். நான் பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோழிக்கூடை. குடை. மூட்டை. பிறகு அது கிடைத்தது.

"அப்பா, இது அவருதானா பாருங்க!"

அப்பா வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். "அவருதான்" என்றார்.

அம்சவள்ளியும் எட்டிப் பார்த்தாள். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் அல்லவா? அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்கப்பாவுக்கு நரைக்கவே இல்ல. இது வேற யாரோ."

அழுதுகொண்டிருந்த பூமாலை அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா இருட்டறைக்குள் போய்க் காகிதத்தில் சின்னதாக ஒரு சோதனைப் படம் போட்டார்; வெளிச்சத்தில் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடுகிற படம் அது. மருந்துத் தட்டில் முதலில் முடி வந்தது, பிறகு கண்கள், பிறகு சிரிப்பு. அந்த ஈரப்படத்தைப் பார்த்ததும் பூமாலை அக்கா "அண்ணா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்சவள்ளி மட்டும் கை தட்டினாள். "அப்பா! நானும் இருக்கேன்!"

அங்கேதான் சிக்கல் வந்தது.

"அண்ணே, புள்ள இருக்குதே" என்றார் பூமாலை அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உசுரோட இருக்கற புள்ளையோட சேர்த்து மாலை போட முடியுமா? வூட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க. எனக்கும் பயமா இருக்கு."

"அது எப்பவும் செய்யறதுதாம்மா. முகத்தை மட்டும் எடுத்துடறேன்" என்றார் அப்பா.

ஆனால் முகத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அம்சவள்ளியின் இரண்டு கைகளும் அவர் முடிக்குள் இருந்தன. எப்படி வெட்டினாலும் நெற்றிக்கு மேல் ஐந்து குட்டி விரல்கள், காதோரம் ஐந்து குட்டி விரல்கள்.

"நெகட்டிவ்ல விரல் இருக்கற எடத்தைப் பிளேடால லேசா சொரண்டிடலாம். படத்துல அது முடி மாதிரி கறுப்பாயிடும். யாருக்கும் தெரியாது" என்றார் அப்பா. பிளேடையும் கையில் எடுத்துவிட்டார். "எத்தனை மணி பஸ்ஸும்மா?"

"அஞ்சரைக்கு."

கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

பெரியவர்கள் பேசும்போது சின்னப் பிள்ளைகளுக்குக் காது இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் கோபம் வருகிற விஷயம். நாற்காலியில் இருந்த அம்சவள்ளி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அப்பா என்னை எறக்கி வுட்டுடுவாரா?"

நான் நேராக அப்பாவிடம் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சொரண்டாதீங்கப்பா!"

"வேணி, கையை எடு. நேரமில்ல."

"சொரண்டிட்டா அந்த வெரல் திரும்ப வராதுல்ல?"

"வராது."

"அப்போ மொதல்ல முழுப் படம் ஒண்ணு போட்டுடலாம்ப்பா. அப்புறம் சொரண்டுங்க."

"அவங்க கேட்டது ஒரு படம் தானம்மா."

நான் பூமாலை அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா, மாலை போடற படம் பெரியவங்களுக்கு. மாலையே போடாத படம் ஒண்ணு பாப்பாவுக்கு. அதைச் சுவத்துல மாட்ட வேணாம், வெளக்கு வைக்க வேணாம். அது பாப்பா சந்தைக்குப் போன படம். அவ்வளவுதான்."

பூமாலை அக்கா குழந்தையைப் பார்த்தார். அது இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மாலை போடாத படத்துக்கு என்ன பயம்?" என்றார் பூமாலை அக்கா, தனக்குத்தானே சொல்வதுபோல. "போட்டுக் குடுங்கண்ணே. ரெண்டையும் ஒண்ணா மட்டும் கட்டாதீங்க."

அப்பா பிளேடைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நீ எடுத்த படம். நீயே போடு."

அதுவரை நான் ஒரு படம்கூடப் போட்டதில்லை. அப்பா பக்கத்தில் நின்று நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார், நான் காகிதத்தைத் தட்டில் அமுக்கினேன். மூலையில் கொஞ்சம் கறுத்துவிட்டது. "பரவாயில்ல" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் பிளேடை எடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் விரலாகச் சுரண்டினார். மாலை போடுகிற படத்தில் சின்னக்கண்ணு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல படம். ஆனால் எனக்கு அதை அதிக நேரம் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டு படங்களும் சரியாகக் காயக்கூட இல்லை. தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றினோம். பெரியது பூமாலை அக்கா பையில், சின்னது அம்சவள்ளி கையில். எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அப்பா ஸ்டூடியோவைப் பூட்டக்கூட மறந்துவிட்டார்.

கிளியனூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. சின்னக்கண்ணு அன்று நின்ற அதே இடம். பூமாலை அக்கா ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். அம்சவள்ளி மடியில் இருந்தபடியே செய்தித்தாளைப் பிரித்தாள். படத்தை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து, தன் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஐந்து. இன்னொரு ஐந்து.

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"அக்கா! அப்பா என்னை எறக்கி வுடவே இல்ல!"