காட்டில் எத்தனை குரல்?

கேட்க வேண்டிய ஒலிகள் அனைத்தையும் அண்ணன் பதினாறு வயதுக்குள் கேட்டு முடித்துவிட்டான். இதை அவனே சொன்னான். எனவே உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

"பாட்டு கேக்கத் தனியா ஒரு பெட்டி! காதுல ரெண்டு தேங்கா மூடி!" என்று தங்கை பட்டாணியைப் பார்த்துச் சிரித்தான். "காது எதுக்குடி இருக்கு? கண்ணாடி மாட்ட. அம்மா திருக. அவ்வளவுதான்."

பட்டாணிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மணி நாலரை.

காடுகளில் ஒலிப்பதிவு செய்யும் அத்தை, ஒரு பதிவையும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியையும் அனுப்பியிருந்தார். கணினியில் எண்களாக இருக்கும் பதிவை அந்தப் பெட்டி சுத்தமான ஒலியாக மாற்றித் தருமாம். கூடவே ஒரு சீட்டு:

'இதில் எத்தனை உயிர்கள் குரல் கொடுக்கின்றன? ஐந்து மணிக்குள் சரியாகச் சொன்னால் சனிக்கிழமை நீயும் என்னோடு காட்டுக்கு வரலாம். ஒரே ஒரு பதில்தான்! பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால்தான் முழுப் பதிவும் கேட்கும்.'

பட்டாணி பெட்டியைக் கணினியில் செருகினாள். ஹெட்போனைப் பெட்டியில் செருகிக் காதில் மாட்டினாள். பதிவை ஓடவிட்டாள். 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு தவளை. ஒரு குருவி.

"ரெண்டு! அனுப்பிடு," என்றான் அண்ணன்.

பட்டாணி செய்தியைத் தட்டப் போனாள். சட்டென்று விரல் நின்றது.

"டேய் அண்ணா, ஹெட்போன் என் காதுல இருக்கு. உனக்கு எப்படிடா கேட்டுச்சு?"

பட்டாணி ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிப் பார்த்தாள்.

"சத்தம் கணினியிலேர்ந்தே வருது! பெட்டி சும்மா உக்காந்திருக்கு!"

அமைப்புகளைத் திறந்தாள். ஒலி எங்கே போக வேண்டும் என்ற பட்டியலில் பெட்டியின் பெயரைத் தொட்டாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"பச்சை எங்கே?"

கீழே, ஒலியின் தரத்துக்கு இன்னொரு பட்டியல். அதில் 48 என்று இருந்தது. அத்தையின் பதிவுக்குப் பக்கத்திலோ 96 என்று எழுதியிருந்தது. 96-ஐத் தொட்டாள்.

பச்சை!

இரைச்சல் காணாமல் போயிருந்தது. தவளை காதுக்குள்ளேயே உட்கார்ந்து கத்தியது. அதற்கும் பின்னால், மிக மெல்லியதாக... டிக். டிக். டிக்.

"மூணாவது ஒண்ணு இருக்கு! டிக் டிக்னு கேக்குது!"

"தண்ணி சொட்டும். போடி."

மணி நாலு ஐம்பத்தாறு. பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள். தவளை கத்தியதும் டிக் நின்றது. தவளை ஓய்ந்ததும் தொடங்கியது. அடுத்த முறையும் அப்படியே.

"தவளை கத்தினா தண்ணி சொட்டாம நிக்குமாடா? இது பயப்படுது! உயிர் இருக்கு!"

'மூன்று' என்று அனுப்பினாள். அடுத்த நொடியே தொலைபேசி அலறியது.

"அடி என் தங்கமே!" என்று கத்தினார் அத்தை. "அது மரப்பட்டைக்குள்ள இருக்குற பூச்சி. என் கூட வேலை பாக்குறவங்களே கோட்டை விட்டாங்க! சனிக்கிழமை காலையில ஆறு மணிக்குத் தயாரா இரு!"

பட்டாணி வீடு முழுக்கக் குதித்தாள். அம்மாவிடம் சொல்லிவிட்டு, பையைத் தேடி எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

அண்ணன் நாற்காலியில் அசையாமல் இருந்தான். காதில் ஹெட்போன். கண்கள் மூடியிருந்தன.

"அண்ணா..."

"உஷ்," என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே. "தவளை கத்தப் போகுது."