இறங்க வேண்டிய எண்

எண் கூடியிருந்தது.

போன மாதம் இரண்டாயிரத்து நூறு செல்கள். இன்று இரண்டாயிரத்து நானூறு. கருவிழியின் உட்புறச் செல்கள் செத்தால் செத்ததுதான், புதிதாக முளைப்பதில்லை. மாற்றி வைத்த கருவிழியில் இன்னும் வேகமாகக் குறையும். கண் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் வளவன் முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தான். ஏசியின் ஈர வாடையும் ஸ்பிரிட் நெடியும் அடைந்த இருட்டறையில், வெளியே டவுன்ஷிப் பஸ் முனகித் திரும்பும் சத்தத்தைக் கேட்டபடி, திரையில் தேன்கூடு போல் விரிந்த படத்தில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் மவுஸால் மறுபடி புள்ளி வைத்தான். டிக். டிக்.

இரண்டாயிரத்து அறுநூறு.

"என்னா சார், அதையே பாத்துகினு இருக்கீங்க? கண்ணு வச்சிடாதீங்க. இப்பத்தான் புதுசா வச்சிருக்காங்க."

படமெடுக்கும் இயந்திரத்தில் தாடையை வைத்தபடியே குழந்தைவேல் சிரித்தார். பக்கத்து வடக்குத்து ஊர்க்காரர்; மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு மாதத்துக்கு முன் இடது கண்ணில், இறந்துபோன யாருடையதோ கருவிழியை வைத்தார்கள். யாருடையது என்று சொல்லும் வழக்கமில்லை.

படத்தின் ஓரத்தில் மூன்று கறுப்புப் பொட்டுகள். சரிவாக.

இந்த இயந்திரம் வந்த புதிதில் மனைவி எழில்மதியை உட்கார வைத்துத்தான் படமெடுத்துப் பழகினான். அவளுக்கும் மூன்று. இதே சரிவு.

அவள் போனதும் எட்டு மாதத்துக்கு முன்புதான். அவள் மூச்சு நின்றது போலிருந்தது. தானம் கொடுக்க வேண்டிய கண் காய்ந்துவிடக் கூடாது. டாக்டரைக் கூப்பிடும் முன்பே ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்தான். தொழில் புத்தி. பஞ்சுக்கு அடியில் ஏதோ அசைந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. டாக்டர் வர நாற்பது நிமிடம் ஆனது.

"பச்சை லைட்டையே பாருங்க."

"அதத்தாங்க பாக்கறேன்."

இல்லை. திரையில் அந்தக் கண் ஓரமாகத் திரும்பியிருந்தது. அவன் இருந்த பக்கம்.

"இது என் பேச்ச கேக்கறதில்ல சார். நான் தூங்கசொல்ல கூட தொறந்துகினே இருக்குதாம். வூட்ல பயப்படறா."

"போதும். வெளிய உக்காருங்க."

அவர் எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் யாரிடமோ டீ கேட்டார்.

டிக்.

வளவன் மவுஸைத் தொடவில்லை.

டிக். டிக். மூவாயிரம். மூவாயிரத்து நூறு.

தாடை வைக்கும் இடம் காலி. அங்கே விரித்திருந்த தாள் மெல்லக் கசங்கி அழுந்தியது.

திரையில் ஒரு கண். நேராக.

இயந்திரத்தின் ஒளி பளிச்சென்று வெட்டியது. கண்ணின் பாவை சுருங்கியது, உயிருள்ள கண்ணில் மட்டும் சுருங்குவது போல.