மூடிப் பலகைகள்

ரொட்டியின் மேல் மாவால் சிலுவை வைத்துக்கொண்டிருந்தபோது, முன்கூடத்தில் கண்ணாடி உடையும் சத்தம் நெவேன்காவுக்குக் கேட்டது.

நிக்கோலாஸ் திருநாள் காலை. வீட்டைக் காக்கும் புனிதரின் நாள். அன்று குரல் உயர்த்தக் கூடாது, கை ஓங்கவே கூடாது. மதியம் அழைக்காமலே ஊர் வந்து நிற்கும். ரொட்டியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு ஓடினாள்.

கணவன் ஓப்ராத்தும் கொழுந்தன் குவோஸ்தெனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். த்ரீனா ஆற்றங்கரையில் இருந்த அந்த வீட்டின் முன்கூடமே அவர்களின் சாப்பாட்டுக் கடை. அங்கே பழைய ஸ்பீக்கர் கெட்டுப்போன நாள் முதல் இதே சண்டை. ஓப்ராத் தானே பலகை அறுத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு கோபுர ஸ்பீக்கர்களைச் செய்து சுவரோரம் நிறுத்தியிருந்தான். குவோஸ்தென் அலமாரியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை வைத்து, மூலையில் கறுப்பு ரெக்சின் ஒட்டிய சப்வூஃபர் பெட்டியை உட்காரவைத்திருந்தான். இன்றைய விருந்தில் எது பாடுகிறதோ அதுதான் கடையில் தங்கும்.

"இந்தக் குச்சுக்குள்ள ரெண்டு கோபுரம் நின்னா வர்றவன் எங்கடா உக்காருவான்? உன் மடியிலயா?" என்றான் குவோஸ்தென்.

"உன் பெட்டி மட்டும் என்னவாம்? மூலைல கெடந்து சினை மாடு மாதிரி முனகுது! பாட்டு எங்கடா கேக்குது? வயித்துல இடிக்குது, அவ்வளவுதான்!"

"அப்பா உயிரோட இருக்கறப்பவே ரெண்டு சவப்பெட்டிய நிமித்தி வச்சிருக்கியே... அதுக்கு இது எவ்வளவோ தேவல!"

ஓப்ராத்தின் முஷ்டி தம்பியின் வாயில் இறங்கியது. ஒரு பல் மேசைக்கடியில் உருண்டது. குவோஸ்தென் பிளம் சாராயப் புட்டியை எடுத்து அண்ணனின் தோளில் உடைத்தான்.

"இன்னிக்கா? இன்னிக்குப் போயா...!" நெவேன்கா நடுவில் புகுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் நெஞ்சில் இடித்தது. மூச்சு நின்று திரும்பியது.

அப்போது பரணிலிருந்து ஓர் அலறல்.

மாமனார் மிலிசாவ் ஏணியில் தடதடவென்று இறங்கினார். தன் சவப்பெட்டிக்கென்று தானே அறுத்த ஓக் பலகைகளைப் பரணில் அடுக்கி வைத்திருந்தார். மூடிக்கான இரண்டில் மட்டும் சூட்டுக்கோலால் சிலுவை போட்டிருந்தார். திருநாள் காலை ஏறிப்போய் அவற்றை எண்ணெய்த் துணியால் துடைப்பது அவர் வழக்கம்.

"மூடிப் பலகை ரெண்டும் எங்கடா?" என்று கத்தினார். "மூடி இல்லாத பெட்டில என்னைப் போட்டு, மூஞ்சில மண்ணத் தள்ளுவீங்களா?"

அவர் பார்வை கோபுரங்களின் மேல் போய் நின்றது. கூடத்துக் கணப்படுப்போரம் கிடந்த கோடரியை எடுத்தார்.

நெவேன்கா கணவனைப் பார்த்தாள். இலையுதிர் காலம் முழுக்க ஓப்ராத்தின் தொப்பியில் மரத்தூள் இருந்தது. கிழவர் தன் சொந்தத் தம்பியைக் கோபத்தில் வெளியே தள்ளியவர். அவன் பிணத்தைக்கூட வாசலில் இறக்க விடாதவர். ஓப்ராத் இந்த வீட்டை விட்டால் மூச்சு விடமாட்டான்.

"நான்தான் மாமா," என்றாள். "பழைய பலகைன்னு நெனச்சு... அடுப்புல வச்சுட்டேன்."

கோடரி கையில் திரும்பியது. காம்பு அவள் புருவத்தில் விழுந்தது. அடுத்த அடி தோளில். மண்டியிட்டவள், ரத்தத்தின் ஊடே கணவனைத் தேடினாள்.

"நீயா?" என்றான் ஓப்ராத். "அந்த மனுஷன் உயிரா வச்சிருந்தத... நீயா எரிச்சே?"

எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தாள். மூன்றாவது அடி முதுகில் விழுந்தது. அவன் நகரவில்லை. மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தாள். நடிப்பு இல்லை. அவனுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது.

குவோஸ்தென் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"போ வெளிய! இந்த வீட்டு மெழுகுவத்தி வெளிச்சம் உன்மேல படக்கூடாது!" என்றார் கிழவர்.

நெவேன்கா எழுந்தாள். சமையலுக்கு மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"போறேன் மாமா. ரொட்டி அடுப்புல இருக்கு. கருகாம பாத்துக்கோங்க."

கிழவரின் ஆத்திரம் இன்னும் மிச்சம் இருந்தது. "எல்லாம் இந்தச் சனியன்களால!" என்று கோடரியை ஓங்கி இறக்கினார். ஒரு கோபுரம் பிளந்து விழுந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில், மரத்தூளை ஒட்டிச் செய்த மட்டமான பலகை. யாரோ தூக்கிப்போட்ட துணி அலமாரியின் பூக்காகிதம்கூட இன்னும் உரியவில்லை.

"ஐயோ, என் உழைப்பு!" ஓப்ராத் வெறிபிடித்தவன் போலத் தம்பியின் பெட்டியை உதைத்தான். அது சுவரில் மோதிப் புரண்டது. ரெக்சின் கிழிந்தது.

கீழே தடித்த ஓக். அதில் சூட்டுக்கோல் சிலுவை, பாதியாக அறுபட்டு.

கிழவர் குனிந்து அந்தச் சிலுவையைத் தடவினார்.

"கனமான மரம் வேணும்ப்பா..." குவோஸ்தென் குழறினான். "மெல்லிசா இருந்தா பெட்டியும் சேந்து அதிரும்... புதுசா அறுத்து வச்சுடலாம்னுதான்..."

"அவ அடி வாங்கறப்ப உன் வாய் எங்கடா போச்சு?" என்றார் கிழவர்.

"அண்ணன்தான் ஒடச்சுட்டானே..."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கிழவர் கையில் கோடரிக் காம்பு மறுபடி உயர்ந்தது. நெவேன்கா அதைப் பாதியில் பிடித்தாள்.

"போதும். இன்னொரு தடவ யாராவது கை ஓங்குனீங்க... நெஜமாவே எரிப்பேன். பலகைய இல்ல, வீட்ட!"

காம்பு அவர் கையிலிருந்து நழுவியது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஓப்ராத் அருகில் வந்தான். "நீ செய்யவே இல்லையே... ஏன் சொன்னே?"

"நான் நீன்னு நெனச்சேன். அதனால அடி வாங்குனேன்." அவள் குரல் உயரவில்லை. "நீ நான்னு நெனச்சே. அதனால பாத்துக்கிட்டு நின்னே."

அவன் கீழே கிடந்த கோடரியை எடுத்தான். மீதி நின்ற கோபுரத்தைத் தானே உடைத்து, துண்டுகளை முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டான். நெவேன்கா மேலங்கியை எடுத்தாள். கதவருகே கிழவர் குறுக்கே வந்து நின்றார். கையில் ஈரத்துணி. அதைப் புருவத்தில் அழுத்தினார்.

"போகாதம்மா... போறதா இருந்தா இந்தக் கிழவன்தான் போகணும். இப்ப அதுக்கும் மூடி இல்ல."

மதியம் ஊர் வந்தது. மீனும் பீன்ஸும் மணத்தன. நெவேன்காவின் வீங்கிய முகத்தைப் பார்த்தவர்கள் பேச்சைத் தேடினார்கள். தச்சன் விலாதோயே மட்டும் தாங்காமல் கேட்டான்:

"என்னய்யா, ரெண்டு விதமா ஸ்பீக்கர்னீங்க... ஒரு சத்தத்தையும் காணோமே?"

"என் மருமகள கேளு," என்றார் கிழவர். "நாள் பூரா இந்தக் கூடத்துல நிக்கறவ அவதான். அவள நாங்க கேக்கவே இல்ல."

"அலமாரில இருக்கற சின்னது ரெண்டும் போதும்," என்றாள் நெவேன்கா. "மூலைப் பெட்டி வேண்டாம், கோபுரமும் வேண்டாம். சின்னதுல பாடுனா... பக்கத்துல ஒருத்தர் அழுதா காதுல விழும்."

குவோஸ்தென் தலையைக் குனிந்தபடி எழுந்து வெளியே போனான்.

மெழுகுவத்தி ஏற்றப்பட்டது. அந்த வீட்டில் திருநாள் ரொட்டியை ஆண்கள் மட்டுமே பிடித்துச் சுற்றுவார்கள். கிழவர் அதைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தப் பக்கம் பிடிம்மா."

"புருவம் இன்னும் கசியுது. ரத்தம் படும் மாமா."

"படட்டும். நான் வர வச்ச ரத்தம்."

இருவரும் ரொட்டியை மெல்லச் சுற்றினார்கள். ஓப்ராத் அடுப்போரம் நின்றான். அவன் கை உயர்ந்தது, பாதியில் இறங்கியது. நெவேன்கா அவனைப் பார்க்கவில்லை. ரொட்டியில் இருந்த தன் விரல்களை மட்டும், இன்னொரு கைக்கு இடம் விடும் அளவுக்கு, நகர்த்திக்கொண்டாள்.